பில்லரில் மாட்டிய முகம்

அலுவலகப் பேருந்தில் ஜன்னலோரம் தூங்கி வழிந்துகொண்டிருந்த தமயந்தி, பொம்மனஹள்ளி தாண்டியதும் எதற்கென்று தெரியாமல் நிமிர்ந்து பார்த்தாள். சாலையோரம் பாதி எழும்பி நின்ற ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் அவளே நின்றுகொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேருந்து நாலடி நகர்ந்த பிறகுதான் அது படம் என்று உறைத்தது. கட்டுகிற வீட்டுக்குக் கண் பட்டுவிடக் கூடாதென்று பூசணிக்காயைத் தொங்கவிடுவார்கள், நாக்கை நீட்டிய பூத முகத்தை மாட்டுவார்கள். அந்தப் பூதம் இருக்க வேண்டிய பில்லரில், ஆளுயர ஃப்ளெக்ஸில் தமயந்தியின் முகம். மஞ்சள் சுடிதார், கலைந்த முடி, பிதுங்கி வெளியே விழுந்துவிடும் போல இரண்டு கண்கள். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அவள் வாய்விட்டே திட்டினாள்.

அந்தப் படத்தை எடுத்தவள் தங்கை தீபிகா. குடியாத்தத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்த அக்காவும் தங்கையும் விவேக் நகரில், மூன்றாவது மாடியில், ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். அக்காவுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் சோதிக்கிற வேலை. எதைக் கொடுத்தாலும் எங்கே ஓட்டை என்று தேடுகிற புத்தி வீட்டுக்கு வந்த பிறகும் அடங்காததால், ‘சாவி வாங்கும் முன்’ என்று ஒரு வலைப்பூ தொடங்கினாள். புது ஃப்ளாட் வாங்குகிறவர்கள் தரையை நாணயத்தால் தட்டினால் எந்தச் சத்தம் வரக் கூடாது, கோலிக்குண்டை உருட்டினால் எந்தப் பக்கம் ஓடக் கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதினாள். ஆபீஸ் தோழிகள் நாலு பேரைத் தவிர ஒருவரும் படிக்கவில்லை.

“நல்லாத்தான் எழுதுறக்கா. ஆனா எழுதிட்டு வீட்டுக்குள்ளயே உக்காந்திருந்தா எவன் தேடிட்டு வருவான்?” என்றாள் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்க்கும் தீபிகா. ஒரே கட்டுரையை எல்லா இடத்திலும் ஒட்டுகிற வழக்கத்தை முதலில் நிறுத்தினாள். விரிசல் படம் இன்ஸ்டாகிராமுக்கு, கோலிக்குண்டு உருளும் குட்டி வீடியோ யூடியூபுக்கு, ஒற்றை வரி எச்சரிக்கை வாட்ஸ்அப் சேனலுக்கு; எங்கே தொட்டாலும் கடைசியில் வலைப்பூவுக்கு வந்து சேரும்படி ஒரு இணைப்பு. வாசகர்கள் அனுப்புகிற படங்களை ஏரியா ஏரியாவாக ஹேஷ்டேக் போட்டுப் பிரித்து வைத்தாள். சந்தாபுராவில் வீடு தேடுகிறவன் ஒரு தட்டுத் தட்டினால் சந்தாபுராவின் ஒழுகல் மொத்தமும் அவன் முன்னால் வந்து நிற்கும். பிறகு அக்காவைக் குளியலறைச் சுவரோரம் நிறுத்தி, “கண்ணை முழி. இன்னும் நல்லா. முகப்புப் படத்துல கண்ணு பெருசா இருந்தாத்தான் ஜனம் தொடும்” என்றாள். தொட்டார்கள். ஆயிரக்கணக்கில் தொட்டார்கள். சில பில்டர்களுக்கு வயிறு எரிந்தது.

பொம்மனஹள்ளிக் கட்டடத்தின் பலகையில் இருந்த பெயரை வைத்து இணையத்தில் நம்பரைத் தேடிப் பிடித்து, படத்தைப் பார்த்த அன்று மதியமே தமயந்தி போன் போட்டாள். எடுத்தவர் கான்ட்ராக்டர் எத்திராஜ். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்.

“நீங்களா மேடம்! நமஸ்கார. உங்க கண்ணு பட்ட பில்டிங் ஒண்ணுகூட விக்கலியே. அதான் ஊர்க் கண்ணுக்கு எதிரா உங்க கண்ணையே மாட்டிட்டோம். சும்மா சொல்லக்கூடாது, ஜோரா வேலை செய்யுது. மத்த சைட்டுக்காரங்களும் கேட்டு வாங்கிட்டுப் போறாங்க.”

“என் மூஞ்சிய எறக்குங்க.”

“ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மேடம். உங்களுக்கும் பப்ளிசிட்டிதானே?” சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்கக் கண் காய்ந்து எரிந்தது. நாளெல்லாம் கம்ப்யூட்டரைப் பார்த்தால் அப்படித்தான் என்று டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். மருந்து கன்னத்தில் வழிந்ததே தவிர எரிச்சல் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் புது வீடியோவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த தீபிகா, மௌஸை விட்டுவிட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீ கண்ணு சிமிட்டுற எடம் பாத்துத்தான் நான் எப்பவும் வெட்டுவேன். அப்பதான் ஒட்டு தெரியாது. இதுல வெட்ட எடமே இல்லக்கா.”

“கவனமா பேசியிருப்பேன்.”

“முழு வீடியோவுலயுமா? எங்க, இப்ப சிமிட்டு.”

தமயந்தி சிமிட்டப் பார்த்தாள். இமை அசையவில்லை. விரலால் இழுத்து மூடினாள். விரலை எடுத்ததும் மேலே ஏறிக்கொண்டது. தீபிகா சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டாள்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில், தெருவில் ஆட்டோக்களின் ஹாரனும் கீழ்வீட்டுக் குக்கரின் விசிலும் பக்கத்துக் கடையில் பஜ்ஜி பொரிகிற வாசனையும் வழக்கம்போல மேலேறி வந்துகொண்டிருக்க, கட்டிலில் சாய்ந்திருந்த தமயந்தியின் எதிரே காலண்டர் மாட்டியிருந்த சுவர் மெல்ல வெளுத்து, கரைந்து, அதற்குப் பின்னால் சுவரே இல்லாத ஒரு நீண்ட தளம் தெரிந்தது. சாரக்கம்புகள், குவித்த மணல், நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள். அதன் மேல் இன்னொரு தளம். அதன் மேல் இன்னொன்று. எந்தெந்த ஊரிலோ, எந்தெந்தச் சாலையோரத்திலோ நிற்கிற அத்தனை கட்டடங்களையும் அவள் ஒரே நேரத்தில் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் வெளிச்சம் எட்டாத கோடியில், லிஃப்ட்டுக்கு விட்ட குழியருகே, ஓர் உருவம் நின்றது. முகம் தெரியவில்லை. ஆனால் அது இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. தலையைத் திருப்பினாள், தளங்களும் கூடவே திரும்பின.

தீபிகா விளக்கைப் போட்டதும் எல்லாம் மங்கியது. மறையவில்லை. வெளிச்சத்துக்குப் பின்னால், பழைய கறை மாதிரி, அப்படியே இருந்தது. தமயந்தி நடந்ததை ஒன்று விடாமல் தங்கையிடம் சொன்னாள்.

“வலைப்பூவை மூடிடலாம்கா. கொஞ்ச நாள் ஊருக்குப் போயிடலாம்.”

“எதுக்குப் போகணும்? மூஞ்சி என்னோடது. கண்ணு என்னோடது. எவனோ வீடு விக்கறதுக்குக் கூலி வாங்காம நான் காவல் நிக்கணுமா? ஒரு கை பாத்துடறேன்.”

பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை. பயத்தைவிடக் கோபம் ஒரு படி மேலே நின்றது, அவ்வளவுதான். அன்றே ‘இது என் முகம்’ என்று எழுதினாள். கெஞ்சவில்லை. என் அனுமதியில்லாமல் மாட்டிய படம் எங்கே கண்ணில் பட்டாலும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், சைட்டில் சொல்லி இறக்க வையுங்கள் என்று வாசகர்களைக் கேட்டாள். தீபிகா அதைத் தமிழிலும் கன்னடத்திலும் குட்டிப் பதிவுகளாக வெட்டி, #முகத்தைஇறக்கு என்று பெயர் சூட்டி, எந்த ஏரியாக் குழுவுக்கு எது போக வேண்டுமோ அதைப் போட்டாள். வந்து குவிந்த படங்களையெல்லாம் ஒரு வரைபடத்தில் ஏற்றினாள். படம் தொங்கும் இடம் சிவப்புப் புள்ளி, இறக்கியதும் பச்சை. பெங்களூரைச் சுற்றி அம்மை போட்டதுபோல் சிவப்பு.

புதன்கிழமை எத்திராஜ் அவராகவே கூப்பிட்டார். குரலில் கிண்டல் துளிகூட இல்லை.

“மேடம், அந்தப் போஸ்ட்ட எடுத்துடுங்க. கை கூப்பிக் கேக்கறேன்.”

“முடியாது.”

“ஸ்வல்ப கேளுங்க. அந்தப் படம் மாட்டறதுக்கு முன்னாடி, பொழுது சாஞ்சா ஒரு லேபர்கூட மாடியில நிக்கமாட்டான். லிஃப்ட் குழிகிட்ட யாரோ நிக்கறாங்க, கிட்ட வராங்கன்னு ஓடிடுவான். படம் மாட்டினப்புறம் அது யாருகிட்டயும் வரல. உங்க கண்ணையே பாத்துட்டு நின்ன எடத்துல நிக்குது. மத்த சைட்லயும் அப்படியேதானாம். எறக்கிட்டா அது எங்க போகும் மேடம்?”

தான் பார்த்ததை இவர் சொல்கிறார்.

“தெரிஞ்சும் என் கண்ணைக் கொண்டுபோய் அதுக்கு முன்னாடி மாட்டியிருக்கீங்க,” என்றாள். “எறக்குங்க. அது எங்க போனாலும் போகட்டும்.”

வியாழக்கிழமை சாயங்காலம். பக்கத்துக் குழந்தை இயேசு ஆலயத்தில் வாராவாரம் நடக்கும் நவநாள் ஜெபக் கூட்டம். ஒலிபெருக்கியில் பாட்டு மழையில் நனைந்து நனைந்து வந்தது. தெருவெல்லாம் குடைகள், மெழுகுவத்தி வாசனை. அக்காவும் தங்கையும் மடிக்கணினி முன்னால் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். புள்ளிகள் மளமளவென்று பச்சையாகிக்கொண்டிருந்தன. சுருட்டிய ஃப்ளெக்ஸைத் தோளில் வைத்துப் பல்லைக் காட்டும் பையன்கள், ‘உங்க முகம் உங்களுக்கே’ என்று கன்னடத்தில் எழுதி அனுப்பிய ஒரு டீச்சர், ஏணி கொடுத்து உதவிய வாட்ச்மேன். ஒவ்வொரு பச்சைக்கும் தமயந்தியின் பார்வையிலிருந்து ஒரு தளம் கழன்று விழுந்தது. மணல் குவியல் போனது. கம்பிகள் போயின. காலண்டர் தெரிந்தது. அவள் வாய்விட்டு அழுதாள், சந்தோஷத்தில்.

“ஜெயிச்சிட்டோம்கா! முக்குக் கடையில கேக் வாங்கிட்டு வரேன்,” என்று தீபிகா குடைகூட எடுக்காமல் ஓடினாள்.

ஒரே ஒரு சிவப்பு மிச்சம். பொம்மனஹள்ளி. தமயந்தி பார்த்துக்கொண்டே இருந்தாள். எத்திராஜ் ஒரு படம் அனுப்பினார், எழுத்தில்லாமல். வெறும் பில்லர். பின்னால் லிஃப்ட் குழி. அருகில் யாரும் இல்லை.

கடைசித் தளமும் கழன்றது. சுவர் சுவராக நின்றது. கண்ணை மூடிப் பார்த்தாள்.

இமை மூடவில்லை.

மின்சாரம் போனது. ஒலிபெருக்கியும் நின்றது. மழைச் சத்தம் மட்டும். பிறகு அதுவும் குறைந்து, படிக்கட்டிலிருந்து வேறொரு சத்தம். ஈர மணலில் வெறுங்கால் வைப்பது போல. ஒரு கால் அல்ல. நிறைய. அவசரமில்லாமல். கதவிடுக்கு வழியாகப் புதுச் சிமென்ட் வாசனை உள்ளே வந்தது.

இறக்கிவிட்டால் அது எங்கே போகும் என்று எத்திராஜ் கேட்டார். இப்போது தெரிந்தது. இறக்காத முகம் ஒன்றுதான் பாக்கி, அவளுடையது.

கதவு பூட்டித்தான் இருந்தது. தாழ்ப்பாளும் போட்டாள். கட்டிலை இழுத்து முட்டுக்கொடுக்கலாம். ஊரே விழித்திருக்கிற நேரம், கத்தினால் கேட்கும். அப்போது கீழேயிருந்து குரல் வந்தது.

“அக்கா, கரண்ட் போச்சா? டார்ச் அடி. எவனோ படியெல்லாம் சிமென்ட் கொட்டி வெச்சிருக்கான், வழுக்குது!”

தீபிகா. அந்தக் காலடிகளுக்கு நடுவே.

தமயந்தி யோசிக்கவில்லை. தாழ்ப்பாளை நீக்கிக் கதவை அகலத் திறந்தாள். போன் வெளிச்சத்தைப் படிக்கட்டில் பாய்ச்சினாள்.

படிக்கு ஒருவராக நின்றார்கள். மேலிருந்து கீழ்வரை. திருப்பத்துக்கு அப்பாலும். ஆண், பெண் தெரியாத சாம்பல் உடம்புகள். கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. பூச்சுக் கரண்டி போட்டுத் தேய்த்த சுவர் போல வழவழவென்று பூசியிருந்தது. அத்தனை முகமும் அவளை நோக்கித் திரும்பியிருந்தது. அவர்களின் நடுவே தங்கை கேக் பெட்டியை நெஞ்சோடு அணைத்து, கைப்பிடியைப் பிடித்து, தோளோடு தோள் உரசி ஏறி வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியவில்லை. ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

“என்னக்கா இப்படிப் பாக்குற?”

“உள்ள போ.”

“என்ன ஆச்சு?”

“போடின்னா போ!”

கையைப் பிடித்து இழுத்து உள்ளே தள்ளினாள். கதவைச் சாத்தவில்லை. சாத்தினால் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு வருவார்கள். இரண்டு கையையும் நிலையில் ஊன்றி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

“இது என் வீடு,” என்றாள். “இதுக்கு மேல ஒரு அடி கிடையாது.”

முன்னால் நின்ற உருவம் கையைத் தூக்கியது. கட்டைவிரல் நுனியில் ஈரச் சிமென்ட். கொத்தனார் விரிசலைத் தேடுவது போல அது அவள் நெற்றியைத் தடவி, புருவத்தைத் தடவி, கீழே இறங்கியது. பின்னால் தீபிகா எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

தமயந்தி பின்வாங்கவில்லை. விரல் ஈரச் சிமென்டை வலக் கண்ணில் சில்லென்று அழுத்திப் பூசியது. இடக் கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.