அம்மாவுக்கும் பூதத்துக்கும் ஒரே கை

"அது நான் எடுத்தது."

"நான் கேட்டு வாங்கினது."

கடையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு நிப் பாக்கெட். ஒரு ஓரம் அவள் விரலில், மறு ஓரம் அவன் விரலில். கம்ப்யூட்டரில் படம் வரைகிறவர்கள் பலகை மேல் ஓட்டுகிற பேனாவுக்கு நிப் தேயும். தேய்ந்தால் கோடு வழுக்கும். கோடு வழுக்கினால் அன்றைக்கு வேலை அவ்வளவுதான். கடைக்கார அக்காவுக்கோ யார் பக்கம் பேசினாலும் வம்பு. "புது ஸ்டாக் அடுத்த வாரம்தான்... உங்களுக்குள்ள பேசி முடிச்சுக்குங்க" என்று கழன்றுகொண்டாள்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. சண்டை போடுகிறவன் கண்ணில் சிரிப்பு இருந்தால் எப்படிச் சண்டை போடுவது?

"உள்ள அஞ்சு இருக்கு" என்றான். "மூணு உங்களுக்கு, ரெண்டு எனக்கு."

"தானமா?"

"இல்லைங்க. மாதிரிக்கு நீங்க கொண்டாந்த பழைய நிப்பைப் பார்த்தேன். ஒரு பக்கமாவே தேஞ்சு கிடக்கு. பேனாவை என்னமா அழுத்துறீங்க... யார் மேல கோபம்?"

சரியான வாயாடி. பிடித்துப் போயிற்று அவளுக்கு. பணம் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் மழை... வாசல் கூரைக்கடியில் இரண்டு பேர் நிற்கலாம், தோள் உரசாமல் நிற்க முடியாது. அவன் இமை நுனியில் ஒரு துளி விழுமா விழாதா என்று தொங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்ததும் சட்டென்று தெருவைப் பார்த்தாள்.

"நீங்க என்ன வரைவீங்க?"

கேட்காதவர்களுக்கே காட்டுகிற பெண் அவள். கேட்டால் விடுவாளா? பையிலிருந்து புத்தகம் வெளியே வந்துவிட்டது. குழந்தைகளுக்கு அவள் வரைந்த முதல் படக்கதை. பரிசு கிடைத்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை விழா. பெருமை இருக்காதா பின்னே?

"நீங்க?" என்றாள்.

"வாஷிங் மெஷின்."

"என்னது?"

"வாஷிங் மெஷின், ஃபேன், அயர்ன் பாக்ஸ்... புதுசா வாங்கினா பெட்டிக்குள்ள ஒரு தாள் இருக்குமே, யாரும் பிரிச்சுக்கூடப் பார்க்காம தூக்கிப் போடுவாங்களே... அதுல இருக்கிற படமெல்லாம் அடியேன் கைங்கரியம்."

அவளுக்குத் திக்கென்றது. ஏன் என்று அவனிடம் சொல்லவில்லை.

அவன் பக்கங்களைப் புரட்டினான். "கண்ணு என்னமா வந்திருக்கு... இந்த நிறமெல்லாம் எங்கேர்ந்துங்க பிடிச்சீங்க?" அவளுக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த பக்கத்தில் அவன் நின்றான். பின்னால் திருப்பினான். முன்னால் திருப்பினான். சிரித்தே விட்டான்.

"தப்பா நினைக்காதீங்க... அம்மா கையும் பூதத்தோட கையும் ஒரே கை. தாத்தா, குட்டிப்பொண்ணு, எல்லாருக்கும் அதே கை. இது எங்க கைங்க. ஆம்பளையா பொம்பளையா, வயசு என்னன்னு எதுவும் தெரியக் கூடாது, யாரோட கையும் இல்லாத கைதான் வரையணும்னு எங்க வேலையில சட்டம். எங்ககிட்டேர்ந்தா சுட்டீங்க?"

விளையாட்டாகத்தான் கேட்டான். அவளுக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"வாஷிங் மெஷினுக்குப் படம் போடுறவங்க எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்."

சிரிப்பு நின்றது. புத்தகத்தை நனையாமல் மூடி அவளிடம் கொடுத்தான். மூன்று நிப்பையும் எண்ணிக் கொடுத்தான். மழையில் இறங்கிப் போயே விட்டான்.

ஜெயித்துவிட்டாள். ஜெயித்தவளுக்கு வீடு வரை கண்ணைக் கரித்துக்கொண்டே வந்தது.

அவன் சொன்னது அத்தனையும் நிஜம், அதுதான் விஷயம். அவள் அப்பாவுக்கு ரிப்பேர் கடை. மாடியில் வீடு, கீழே கடை. மற்ற பிள்ளைகள் பூவும் மலையும் வரைந்த வயதில் அவள் அந்தத் தாள்களைப் பார்த்து ஸ்க்ரூவும் வாஷரும் வரைந்தாள். அம்புக்குறி, புள்ளிக்கோடு... ஒரு வார்த்தை இல்லாமல் கதை சொல்ல அங்கேதான் பழகினாள். அவன் கேட்டானே, நிறம்? அறுந்து கிடந்த ஒயர்களின் சிவப்பு, நீலம், மஞ்சள் கோடு ஓடுகிற பச்சை. பில் போடும் கம்ப்யூட்டரில் மவுஸை உருட்டி உருட்டி முதல் கையை வரைந்தாள். அப்புறம் பலகை வந்தது, பேனா வந்தது, பேர் வந்தது. பேட்டி எடுக்க வந்தவர் "யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்றபோது, "யார்கிட்டயும் இல்ல, தானா வந்துச்சு" என்றாள். கெத்தாகத்தான் இருந்தது அன்றைக்கு.

"அப்பா... என் புத்தகத்துல எல்லார் கையும் ஒரே மாதிரியாவா இருக்கு?"

அப்பா ஃபேன் மோட்டாரிலிருந்து தலை தூக்கவில்லை. "பின்னே? பார்த்த அன்னிக்கே கண்டுபிடிச்சுட்டேன். நம்ம கடைத் தாள்ல இருக்கிற கை. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டிக்கிட்டிருக்கேன்."

"அது தப்புப்பா."

"தப்போ என்னமோ, எனக்குப் பெருமையா இருக்கு. நீ பேட்டியிலகூடக் கடையைப் பத்திச் சொல்லியிருப்ப... இடம் பத்தலைன்னு பேப்பர்காரன் வெட்டிட்டான் போல. விடு கண்ணு."

அவள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் கடைக்கார அக்காவிடம் விலாசம் கேட்டு, அவன் வேலை செய்யும் இடத்துக்கே போய் நின்றாள். மேசையில் ஓர் அயர்ன் பாக்ஸ் பகுதி பகுதியாகக் கழன்று கிடந்தது.

"மன்னிப்புக் கேட்க வந்தீங்களா?" என்றான்.

"கை வரையக் கத்துக்க வந்தேன்." மன்னிப்பு தொண்டை வரை வந்து திரும்பிப் போனது. பாழாய்ப்போன ரோஷம்.

"எங்க கை யாரோடதும் இல்லையே."

"யாரோடதாவது ஒண்ணு வேணும்..."

அவன் தன் கையை மேசை மேல் வைத்தான். சுண்டுவிரல் லேசாக வளைந்திருந்தது, கட்டைவிரலில் பழைய சூட்டுத் தழும்பு. வரைந்தாள், அழித்தாள், மறுபடி வரைந்தாள். இத்தனை வருஷம் கை வரைந்தவள் ஒரு கையை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். நிமிர்ந்தால் அந்தக் கண்... குனிந்தால் இந்தக் கை... எங்கே போவாள் பாவம்?

"நல்லா வருது" என்றான் மெதுவாக. பிறகு, "ஞாயித்துக்கிழமை மேடையில, யார்கிட்ட கத்துக்கிட்டீங்கன்னு கேப்பாங்க. என்ன சொல்வீங்க?"

அவள் சுண்டுவிரலின் வளைவை மறுபடி அழித்தாள்.

"உங்க பேட்டியைப் படிச்சேன், 'தானா வந்துச்சு'ன்னு போட்டிருந்துச்சு. நான் வரையற தாள்ல என் பேர் வராது, அது எனக்குப் பழகிடுச்சுங்க. ஆனா என்கூட இருக்கப் போறவங்க என் வேலையைச் சொல்லக் கூச்சப்பட்டா... அது எனக்குப் பழகாது."

கையை எடுத்துக்கொண்டான். 'என்கூட இருக்கப் போறவங்க' என்றானே, அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் அவள் தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அப்பா, மடிப்புக் கலையாத புதுச்சட்டையில். கடைசியில், கதவோரம், அவன். வந்துவிட்டான்.

"உங்க குரு யாருங்க?" என்று கேட்டார் நிகழ்ச்சி நடத்துகிறவர்.

மைக்கை வாங்கினாள். 'இப்ப இல்லைன்னா எப்பவும் இல்லடி' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"எங்க அப்பா ரிப்பேர் கடை வச்சிருக்கார். ஃபேனோட, அயர்ன் பாக்ஸோட ஒரு தாள் வருமே, அதைப் பார்த்துதான் வரையக் கத்துக்கிட்டேன். என் நிறமெல்லாம் அப்பா கடை ஒயரோட நிறம். இந்தப் புத்தகத்துல அம்மாவுக்கும் பூதத்துக்கும் ஒரே கை... நல்லாப் பாருங்க. அதுவும் அந்தத் தாள்ல இருந்து வந்ததுதான். அதை ஒருத்தர் கண்டுபிடிச்சார், நான் அவரை மட்டமாப் பேசிட்டேன். அவரை மாதிரி பேர் போடாம வரைஞ்சவங்கதான் என் குரு. அப்பா... பேப்பர்காரர் எதையும் வெட்டல. நான்தான் சொல்லல."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்து நாற்காலிக்காரரிடம் "என் பொண்ணு" என்றார், அவருக்கு அது தெரியாதது போல. கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று.

கூட்டம் கலையும்போது அவன் எதிரே வந்து நின்றான்.

"மன்னிச்சுடுங்க" என்றாள்.

"அதான் மைக்லயே கேட்டுச்சே."

"மைக்ல சொல்ல முடியாதது ஒண்ணு இருக்கு..." அவள் பார்வை அவன் சட்டைப் பொத்தானில் சிக்கிக்கொண்டது. "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உங்க வேலையோட சேர்த்து. யார் கேட்டாலும் சொல்லுவேன்."

"எனக்கு அன்னிக்கே பிடிச்சுப் போச்சுங்க" என்றான். "அதான் அவ்வளவு வலிச்சுது."

"யாரும்மா இந்தத் தம்பி?" அப்பா வந்துவிட்டார். பின்னால் பரிசு கொடுத்தவர்கள், பேட்டிக்காரர், பாதி அரங்கம்.

அவள் அவன் கையைப் பிடித்தாள். குரலைத் தாழ்த்தவில்லை.

"ஓவியர்ப்பா. நம்ம கடைக்கு வர்ற தாள்ல படம் வரையறவர். நான் கட்டிக்க ஆசைப்படுறவர்."