மீனில்லாத மடு

"மடுவுல மீனே இல்லன்னு காமிரா சொல்லுது அண்ணே. ஆனா நான் என் கண்ணால பார்த்திருக்கேன்" என்றாள் மணிச்சன்.

ஓய்வுபெற்ற போலீஸ்காரர் பூன்லெர்ட் ஒட்டரிசிச் சோற்றை உருட்டுவதை நிறுத்தினார். மீகோங் ஆற்றில், அவர்கள் தீவை ஒட்டிய மடுவில் சில வருஷங்களாக மீன்பிடிக்கத் தடை. மணிச்சன் நீருக்கடியில் காமிரா வைத்து மீன்களைக் கணக்கெடுப்பவள். மீன் பெருகவில்லையென்றால் நாளை மறுநாள் ஊர்க்கூட்டம் தடையை நீக்கிவிடும்.

அவருக்கும் அவர் மச்சினன் விலாய்க்கும் படத்தை ஓடவிட்டாள். அடர்ந்த புல், அசையாமல் நின்றது.

"எங்க வெச்சே?"

"வெறும் பாறை மேல. சாயங்காலம் கட்டிட்டு வந்தேன். விடிஞ்சதும் அதுவா ஓடும். மறுநாள் இருட்டுற நேரத்துல அதே பாறையிலிருந்துதான் எடுத்தேன்."

"படத்தை வேற யார் பார்த்தா?"

"நாம மூணு பேர்தான். மீன் இல்லைன்னு மட்டும் ஊர்ல சொன்னேன்."

"தோங்தம் வேலைதான் அத்தான்! தடை வேண்டாம்னு கத்துறவன் அவன்தானே?" என்று துள்ளினான் விலாய்.

மூவரும் போய்க் கேட்டபோது, கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த தோங்தம் சிரித்தான். "மீன் இருந்தாத்தானே படத்துல வரும்?"

மடுவின் காவலாளி கம்சாய் படகிலிருந்தே கையை விரித்தார். "அந்தப் புல்லுக்குள்ள மீன் எப்படி அய்யா தெரியும்?"

பூன்லெர்ட் அவரைப் படகோடு கரைக்கு அழைத்தார்.

"மடுவுல நீரோட்டம் இழுக்கும். படத்துல புல் அசையவே இல்ல. அது பக்கத்துல ஓட்டம் நின்னுபோன ஓடைத் தண்ணி. காமிரா இருந்ததோ வெறும் பாறையில. படத்தைப் பார்க்காத உமக்குப் புல்லைப் பத்தி யார் சொன்னா?"

துடுப்பு நழுவியது. "நான்தான் ராத்திரி ஓடைக்கு மாத்தி வெச்சேன். மறுநாள் இருட்டுறதுக்குள்ள திரும்பப் பாறையில கட்டிட்டேன்" என்றார் கம்சாய். "ஆள் உசரத்துக்கு மீனுங்க வந்திருக்கு அய்யா. தெரிஞ்சா வலையோட வந்துடுவாங்களே."

"இல்லைன்னு தெரிஞ்சாலும் வலையோடதான் வருவாங்க" என்றார் பூன்லெர்ட்.

கம்சாய் காமிராவைத் தானே வாங்கிப் பாறையில் கட்டினார்.

கூட்டத்தில் புதுப்படம் ஓடியது. இருண்ட நீரிலிருந்து பொன்னிறச் செதில்களோடு ஒரு பெரும் மீன் வந்து திரையை அடைத்துக்கொண்டது. பின்னால் அதன் கூட்டம். தடையை நீக்க ஒரு கையும் உயரவில்லை.

தோங்தம் மட்டும் எழுந்தான். எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

"இத்தனையையும் கம்சாய் ஒத்தை ஆளா எப்படிக் காப்பாரு? காவலுக்கு என் பேரையும் போடுங்க."