செத்தவளின் சர்க்கரை 386

போன் அடித்தது.

பேவினகொப்பலு சுகாதார நிலையத்தில் மத்தியானம் ஒன்றரை மணி. நர்ஸ் சந்திரகலா டிபன் பாக்ஸில் ராகிக் களியை உருட்டிக்கொண்டிருந்தாள். இடது கையால் போனை எடுத்தாள்.

"சிஸ்டர், தாலுகா ஆஸ்பத்திரி லேப்லேர்ந்து பேசறேன். சர்க்கரை ஆலை மருத்துவ முகாம்ல எடுத்த சாம்பிளுக்கு ரிசல்ட் வந்திருக்கு. உங்க ஊரம்மா ஒருத்தரை உடனே அனுப்பணும்."

"என்ன சார்?"

"கர்ப்பப்பை வாய்ல புற்று ஆரம்பிச்சிருக்கற மாதிரி தெரியுது. சதை எடுத்துப் பார்க்கணும். இப்பவே வந்தா குணமாக்கிடலாம்னு டாக்டரம்மா சொல்றாங்க. சர்க்கரை வேற 386. அதை இறக்கினாத்தான் கத்தி வைக்க முடியும். தள்ளிப்போடாதீங்க."

"பேரு?"

"ஹொன்னம்மா. புருஷன் பேரு பசவேகௌடா. வயசு நாப்பத்தி நாலு."

களி உருண்டை நழுவித் தரையில் விழுந்தது.

"சார்... முகாம் என்னிக்கு நடந்துச்சு?"

"பதினெட்டாம் தேதி."

ஹொன்னம்மா செத்தது ஏழாம் தேதி!

அந்தச் சாவைப் பற்றிச் சந்திரகலாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அன்று பீமன அமாவாசை. புருஷன் ஆயுசுக்காகப் பெண்டாட்டிகள் பட்டினி கிடக்கும் நாள். ஹொன்னம்மா சமையல்கட்டில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று கூப்பிட்டார்கள். ஓடினாள். சர்க்கரை நோயாளி என்று பதிவேட்டில் இருப்பவள். அந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. தண்ணீர்ப் பானைக்குள் குளிரக் கிடந்த இன்சுலின் பாட்டிலைத் திறந்து ஊசி போட்டாள். ஹொன்னம்மா கண் திறக்கவே இல்லை.

லேட்டாகப் போய்விட்டோம்...

அன்றிலிருந்து சந்திரகலாவுக்கு நல்ல தூக்கம் கிடையாது. கண்ணை மூடினால் ஒரு ஈரக் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. வியர்வையில் நனைந்த, சில்லிட்ட கை. இப்போது அந்தக் கை ரத்தமும் கொடுத்திருக்கிறது.

எதிரில் இருந்த போலீஸ் அவுட்போஸ்ட்டில் ஏட்டு நஞ்சுண்டா பேப்பரை மடித்து வைத்துவிட்டு சந்திரகலா சொன்னதை முழுவதும் கேட்டார்.

"செத்தவ ரத்தம் குடுத்தாளா? எங்க ஸ்டேஷன்ல ரத்ததானம் வெச்சப்போ உயிரோட இருக்கறவனே ஒருத்தன் வரலை, சிஸ்டர்."

"விளையாடாதீங்கண்ணா. அந்த ரத்தம் யாரோ ஒருத்தியோடது. அவளுக்கு விஷயமே தெரியாது. கண்டுபிடிக்கலேன்னா அவளும் போயிடுவா."

"பேரைத் தப்பா எழுதியிருப்பான்."

"நோயாளிக்கு ஆஸ்பத்திரியில குடுக்கற சர்க்கரைப் புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதுவாங்க. ஹொன்னம்மா புத்தகம் இல்லாம அந்தப் பேரு வராது. அதுல போட்டோவும் கிடையாது."

நஞ்சுண்டா தொப்பியை எடுத்தார்.

"அப்ப புத்தகம் எங்க இருக்கோ, ஆளும் அங்க. வாங்க."

பசவேகௌடா கொளுத்தும் வெயிலில் கம்பளி போர்த்திக் கட்டிலில் கிடந்தான். ஒரு வாரமாகக் காய்ச்சல்.

"உன் பெண்டாட்டியோட சர்க்கரைப் புத்தகம் எங்கப்பா?" என்றார் நஞ்சுண்டா.

"அவகிட்டயே இருக்கும்."

"எவகிட்ட?"

"ஹொன்னிகிட்ட." அவன் குரல் இறங்கியது. "நான் பார்த்தேன் ஏட்டய்யா. ஆலைக்குப் போற பஸ்ல ஏறினா. அவளோட பச்சைப் புடவை. நெத்தியில இத்தனாம் பெரிய குங்குமம். கத்திக் கூப்பிட்டேன். திரும்பலை. பஸ் போயிடுச்சு."

"என்னிக்கு?"

"போன பதினெட்டாம் தேதி."

நஞ்சுண்டா நோட்டைத் திறந்து, எழுதாமல் மூடினார். இருபத்தாறு வருஷ சர்வீஸில் பேயிடம் வாக்குமூலம் வாங்கிய அனுபவம் அவருக்கு இல்லை.

பசவேகௌடாவின் தங்கை தேவீரம்மா மோர் கொண்டுவந்து வைத்தாள். முப்பத்தெட்டு வயது. ஏழு வருஷத்துக்கு முன் புருஷன் செத்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள். வெறும் நெற்றி. மாதாமாதம் அண்ணிக்காக மருந்து வாங்க வருகிறவளும் அவள்தான்.

"எனக்குத் தண்ணி போதும்" என்று சந்திரகலா சமையல்கட்டுக்குள் போனாள். செம்பைப் பானைக்குள் விட்டாள்.

டங்!

கண்ணாடிச் சத்தம்.

கையை விட்டு எடுத்தாள். இன்சுலின் பாட்டில். அமாவாசை அன்று புதிதாகத் திறந்து ஒரே ஒரு ஊசி எடுத்த பாட்டில். இப்போது அடியில் கொஞ்சம்தான் இருந்தது.

"தேவீரா... செத்தவளுக்கு யாரு தினமும் ஊசி போடறது?"

வாசற்படியில் நின்றவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். நஞ்சுண்டா பின்னால் வந்து நின்றார்.

"பஸ்ல போனது நீயாம்மா?"

"நான்தான் ஏட்டய்யா. முகாமுக்குப் போறதுக்காக அண்ணி புடவையைக் கட்டிக்கிட்டேன். விதவைன்னு தெரியக் கூடாதுன்னு குங்குமமும் வெச்சுக்கிட்டேன்."

"எத்தனை நாளா இந்த வேலை?" என்றாள் சந்திரகலா.

"மூணு வருஷமா, சிஸ்டரம்மா. அண்ணனுக்குக்கூடத் தெரியாது. அண்ணிதான் அவங்க பேர்ல புத்தகம் போட்டுக்கச் சொன்னாங்க. 'என் பேரு சும்மாதானே கெடக்கு, நீ எடுத்துக்கோ'ன்னாங்க."

"உன் பேர்ல போறதுக்கு என்ன?"

"என் ஆதார், ரேஷன் அட்டையெல்லாம் புருஷன் வீட்டுல வெச்சுக்கிட்டுத் தரலை. அதோட... எனக்கு முதல்ல வந்தது அரிப்பும் வெள்ளைப்படறதும். விதவைக்கு அந்த இடத்துல வியாதின்னா ஊரு என்ன கேக்கும்? எவன்கூடப் படுத்தேன்னு கேக்கும். தாலுகா ஆஸ்பத்திரியில எல்லாத்துக்கும் சர்க்கரைதான் காரணம்னாங்க. நீங்களும் அண்ணிக்குன்னு நினைச்சு களிம்பு குடுத்தீங்க. இப்ப ரத்தம் படுது. பயமா இருந்துச்சு. அதான் முகாமுக்குப் போனேன்."

சந்திரகலா கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள்.

"அப்ப... ஹொன்னம்மாவுக்குச் சர்க்கரை..."

"கிடையாது. ஒரு நாளும் கிடையாது."

கனவில் வந்த அந்தக் கை மறுபடி அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

வியர்வை! சில்லிட்ட கை! சர்க்கரை ஏறிய உடம்பு வறண்டு கிடக்கும். சர்க்கரை தரைமட்டமாக இறங்கிய உடம்புதான் அப்படி வியர்த்துக் கொட்டும். பட்டினி கிடந்து மயங்கியவளுக்கு ஒரு வாய் வெல்லத் தண்ணீர் போதும். சந்திரகலாவோ இருந்த கொஞ்ச நஞ்சத்தையும் ஊசி போட்டு இறக்கிவிட்டாள்.

லேட்டாகப் போகவில்லை. சரியான நேரத்துக்குப் போய்க் கொன்றிருக்கிறாள்!

"சிஸ்டர்," நஞ்சுண்டா மெல்லக் கேட்டார். "ஊசிக்கு முன்னாடி விரல்ல குத்திப் பார்த்தீங்களா?"

"ஸ்ட்ரிப் தீர்ந்துபோயிருந்துச்சு. பக்கத்துத் தட்டுல கடுபு இருந்துச்சு. இனிப்பைத் தின்னுட்டா, ஏறிடுச்சுன்னு நினைச்சேன்."

"அது அண்ணனுக்காகப் பண்ணினது" என்றாள் தேவீரம்மா. "அண்ணி ஒண்ணைக்கூடத் தொடலை. நான் வயல்லேர்ந்து ஓடி வந்தப்போ, நர்ஸம்மா சர்க்கரை ஊசி போட்டாங்கன்னு சொன்னாங்க. அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. வாயைத் திறக்கலை. நான்தான் அண்ணியைக் கொன்னேன்."

"தேவீரா, உனக்குப் புற்று ஆரம்பிச்சிருக்காம். இப்பவே போனா பொழைச்சுக்கலாம். கிளம்பு" என்றாள் சந்திரகலா.

அவள் சிரித்தாள். பார்க்க முடியாத சிரிப்பு.

"ராத்திரி பகல்னு இல்லாம அண்ணி என் கால்மாட்டுல நிக்கறாங்க. இந்த வியாதி அவங்க அனுப்பினது. நான் எங்கயும் வரலை."

"ஊசி போட்டது என் கை. நீ செத்தா அந்தக் கணக்கும் எனக்குத்தான். என்னை ரெண்டாவது கொலை பண்ண வைக்காதடி."

சந்திரகலா வாய்விட்டு அழுதாள். நஞ்சுண்டா தொப்பியைக் கழற்றினார்.

அப்போதுதான் பின்னால் நிழல் அசைந்தது.

பசவேகௌடா! கையில் கரும்பு வெட்டும் கத்தி!

"எல்லாம் கேட்டேன்" என்றான்.

அவன் தங்கையை மட்டும் பார்த்தான்.

"அவ பேரையா எடுத்துக்கிட்டே?"

"ஆமாண்ணா."

"அவளே குடுத்தாளா?"

"அவங்களேதான் குடுத்தாங்க."

கத்தியைக் கூரையில் சொருகினான்.

"அவ குடுத்ததை நான் பிடுங்க மாட்டேன். டிராக்டரை எடுக்கறேன். ஏறு."

சந்திரகலா பக்கம் அவன் திரும்பவே இல்லை. அது கத்தியைவிட ஆழமாக இறங்கியது.

"எழுதிக்கோங்கண்ணா" என்று அவள் நஞ்சுண்டாவிடம் கையை நீட்டினாள்.

"எழுதாம விடமாட்டேன். முதல்ல இவளைக் கொண்டுபோய்ச் சேருங்க. ஒரே வீட்டுல ரெண்டு பிணத்துக்கு எழுத என் பேனாவுல மை இல்லை."

தாலுகா ஆஸ்பத்திரி சீட்டு கவுன்டர். கிளார்க் தலையைத் தூக்கவில்லை.

"பேரு?"

பழக்கத்தில் உதடு அண்ணியின் பெயருக்குக் குவிந்தது. அடக்கிக்கொண்டாள்.

"தேவீரம்மா."

"கார்டு எங்கம்மா?"

"அது செத்துப்போச்சு சாமி. ஆள்தான் மிச்சம், எழுதிக்கோங்க."