திலகா அத்தையின் ஏரி

மழை விட்டபாடில்லை. பிரபா கதவோரம் உட்கார்ந்து தமிழ்ப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ‘மலர் போன்ற முகம்’ என்றால் உவமையாம். ‘போன்ற’ போய்விட்டு ‘முகமலர்’ என்று வந்தால் உருவகமாம். முகம் எப்படி மலராகும்? மண்டையில் ஏறவே இல்லை.

அம்மாவோடு ரேஷன் கடைக்குப் போயிருந்த தம்பி சாம்சன், தலைதெறிக்க ஓடி வந்தான்.

“அக்கா! ஏரி ஒடஞ்சிடுச்சி!”

பிரபா புத்தகத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். அப்பா ஏசுதாஸ் ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிற கழனியில் வேலை செய்துகொண்டிருந்தார். ஏரி உடைந்தால் முதலில் முழுகுவது அந்தக் கழனிதான்.

“யாருடா சொன்னது?”

“அம்மாதான்! போன்ல பேசிக்கினு இருந்தாங்க. என் காதால கேட்டேன்!”

பக்கத்து வீட்டு முனியம்மாள் காதிலும் அது விழுந்துவிட்டது. “ஐயையோ! எல்லாரும் ஸ்கூலு மேட்டுக்கு ஓடுங்க!” என்று கத்திக்கொண்டே ஆட்டை அவிழ்த்தாள். தெருவே பரபரத்தது.

‘அப்பா!’ பிரபா கழனிப் பக்கம் ஓடக் காலெடுத்தாள். சட்டென்று நின்றாள். ஏரி உடைந்திருந்தால் அம்மா இந்நேரம் அலறிக்கொண்டு வந்திருக்க மாட்டாளா?

“சாம்சா, அம்மா இன்னா சொன்னாங்க? ஒரு வார்த்த உடாம சொல்லு.”

சாம்சன் கண்ணை இறுக மூடி யோசித்தான். “‘ஜெனிஃபர் ஆஸ்டலுக்குப் போனதுலேந்து திலகா கண்ணுல ஏரி ஒடஞ்சிடுச்சி’ன்னாங்க.”

“கண்ணுலயா? அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடா?”

“நீ கேக்கலியே!”

கண்ணுக்குள் ஏது ஏரி? ‘போல’வும் இல்லை, ‘மாதிரி’யும் இல்லை. அட, அழுகையைத்தான் அம்மா ஏரியாக்கிவிட்டாள்! ஆனாலும் தான் நினைப்பது தப்பாக இருந்தால்?

“பெரிம்மா, நில்லுங்க! போனக் குடுங்க!”

முனியம்மாளிடம் போனை வாங்கி அம்மாவைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடு அம்மா, எடு!

“இன்னாடி?” என்றாள் அம்மா.

“ஏரி ஒடஞ்சிடுச்சாம்மா?”

“எந்த ஏரி? திலகா அத்த பொண்ண நெனச்சி அழுதுகினே கீது. அதத்தான் அப்படிச் சொன்னேன். உங்கப்பாவும் கழனிலேந்து வந்துட்டாரு, இங்கதான் கீறாரு, அரிசி மூட்டயத் தூக்கிக்கினு.”

பிரபாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. “ஏரி ஒடையல! எல்லாரும் வூட்டுக்குப் போங்க!” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள்.

முனியம்மாள் ஆட்டைப் பிடித்தபடி தொப்பென்று படியில் உட்கார்ந்தாள். “அடப்பாவி பையா! என் உசுரே போயிடுச்சிடா!”

சாம்சன் மிரண்டு போய் அக்காவின் பின்னால் ஒளிந்தான். “அக்கா... பெரிம்மா செத்துட்டாங்களா?”

பிரபா அவனை இழுத்து அணைத்து, ஈரத் தலையைத் துவட்டிவிட்டாள்.

“இல்லடா. நல்லா உசுரோடதான் திட்டிக்கினு கீறாங்க.”