பூஜ்யம் எண் திரை

பூஜ்யம் எண் திரையில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. அதன் கீழே இன்னொரு வரி: அவர் இப்போது இல்லையென்றால் பூட்டுக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி தொடங்கவும்.

சபீதா இரண்டு தடவை வாசித்தாள். அந்தப் பழைய யூனிக்ஸ் கணினி அவள் வீட்டுக்கு ஆட்டோவில் வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் நாற்பத்தோரு நாள், பேட்டைத் தொழிற்பேட்டையில் சுந்தர் அண்ணாச்சியின் பட்டறையில், மின்சாரமே இல்லாமல் சாக்குப் போர்த்திக் கிடந்தது. அதில் யார் இருக்க முடியும்?

“என்ன ராத்தா, அப்படிப் பாக்குத?” என்று தம்பி அய்மன் கேட்டான்.

“ஏற்கெனவே ஆள் இருக்குன்னு சொல்லுது.”

“பொட்டிக்குள்ளயா? ஆட்டோவுல ஏத்தும்போதே அவரு கேட்டாரு, மாவு மிசினா தம்பின்னு. ஆளு வேற இருக்குன்னு தெரிஞ்சா ரெண்டு டிக்கெட் போட்டிருப்பாரு.”

நாற்பத்தோரு நாளில் முதல் தடவையாக அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. கரண்ட் சட்டென்று போனால் அந்தப் பூட்டு அப்படியே நின்றுவிடும், அவ்வளவுதான். பாளையங்கோட்டைக் கணினி மையத்தில் ஆறு வருஷம் யூனிக்ஸ் சொல்லிக்கொடுத்தவள் அவள். பூட்டு நின்றால் அழி, தொடங்கு என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள். அப்படிக் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர்தான் ஹபீப் முகம்மது. பிறகு அவரையே கட்டிக்கொண்டாள். பதினேழு வருஷம் அவர் இந்த இயந்திரத்தில்தான் பட்டறைக்கு வரைபடம் போட்டார்.

பாரம் தூக்குகிற செயின் பிளாக்கைத் தாங்குகிற தகடு முறிந்த அன்று, அதன் கீழே நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஹபீப். இன்னொருவர் பிரஸ் ஓட்டுகிற பூதத்தான். இருவருமே பிழைக்கவில்லை. இரும்பு விழுந்த அதிர்ச்சியில் பட்டறை முழுக்கக் கரண்ட் போயிற்றாம். தகட்டின் கனம் எட்டு மில்லிமீட்டர்தான் இருந்தது. அந்தப் பாரத்துக்கு அது போதவே போதாது. படம் போட்டவர் ஹபீப்.

பத்தாம் நாள் பூதத்தானின் மனைவி சுடலைவடிவு வந்து வாசலில் நின்றாள். கணவன் இறந்தபின் வீட்டைவிட்டு வெளியேறாத இத்தாக் காலத்தில் இருக்கிறவளைப் பார்க்க வந்த பெண்கள் எல்லோரும் அழுதார்கள். அவள் அழவில்லை.

“அக்கா, ஒங்க வீட்டுக்காரரு போட்ட படத்த வச்சித்தான் வெட்டுனாங்களாம். நான் சண்டைக்கு வரல. அவரு தப்பாப் போட்டாரா, இல்லையா? அத மட்டும் சொல்லிருங்க. எம்புள்ளைகளுக்கு ஒரு பதில் வேணும்.”

“பாத்துச் சொல்லுதேன்” என்று சபீதா சொன்னாள். அந்தச் சொல்தான் அவளைத் தூங்கவிடவில்லை. தொழிற்சாலை ஆய்வாளர் நாளைக்கு வருகிறார். படம் இந்த இயந்திரத்துக்குள் இருக்கிறது. வரைகிற மென்பொருள் எழுத்துத் திரையில் ஓடாது. டெஸ்க்டாப் வர வேண்டும். அவள் வெளியே போகக்கூடாது. அதனால்தான் இயந்திரம் அவளிடம் வந்தது.

அவர் இப்போது இல்லையென்றால்.

அந்த வரியில் ஒரு கணம் கண் நின்றது. பிறகு பூட்டை அழித்தாள்.

திரை இருண்டு, ஒரு முனகலோடு வெளிச்சமானது. கொசுவலையை நீட்டிப் பிடித்தாற்போல் சாம்பல் நிறத்தில் நுண்ணிய பின்னல். நடுவில் பெருக்கல் குறி மாதிரிச் சுட்டி. வலது மூலையில் இரண்டு வட்டக் கண்கள் திறந்துகொண்டன. சுட்டி எங்கே போகிறதோ அங்கே பார்க்கிற விளையாட்டு நிரல் அது. ஹபீப் அதை எப்போதும் திறந்து வைத்திருப்பார். ‘மேஸ்திரி’ என்று பேர் வைத்திருந்தார்.

மவுசை நகர்த்தினாள். சுட்டி அசையவில்லை.

“ஏலே, இதுக்கு ஒரு இரும்புத் தட்டு உண்டு. கட்டம் கட்டமா கோடு போட்டிருக்கும். அது மேல வச்சாத்தான் ஓடும். எடுத்துட்டு வரலயா?”

“அது சாப்பாட்டுத் தட்டுன்னுல்லா நெனச்சேன். அங்கன மேசையிலேயே கெடக்கு. சரி, ஜும்மா முடிச்சிட்டு அப்படியே போயி எடுத்துட்டு வந்திருதேன். நீ எதையும் போட்டு நோண்டாத.”

அவன் போனதும் வெளிக்கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். உம்மா மேலப்பாளையத்துக்குப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமை நண்பகலில் அந்தத் தெருவில் ஓர் ஆண்பிள்ளையும் இருக்க மாட்டான். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பயான் உரை கேட்டது, பிறகு அதுவும் நின்றது. பூட்டிய கடைகளின் தகரம் வெயிலில் விரிந்து டப்டப்பென்று முறிகிற சத்தமும், எங்கோ ஒரு மாவரைக்கும் வீட்டிலிருந்து வந்த கிரைண்டர் உறுமலும், அவளுக்கு முன்னால் அந்தக் கனத்த பெட்டிக்குள் பழைய டிஸ்க் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றுகிற ஓசையும், சூடேறிய தூசியின் வாசனையும், அதனோடு கலந்து பட்டறையின் கட்டிங் ஆயில் வாசனையுமாக அறை நிரம்பியது.

கட்டிங் ஆயில். ஹபீப் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது அடிக்கும் வாசனை. பெட்டியில் ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

சுட்டி இல்லாவிட்டாலும் தட்டச்சில் வேலை நடக்கும். வரைகிற நிரலின் பெயரைத் தட்டினாள். அது திறக்கக் காத்திருந்தபோதுதான் மூலையைப் பார்த்தாள்.

சுட்டி திரையின் நடுவில் நின்றது. கண்கள் அதைப் பார்க்கவில்லை. அவளுடைய இடது தோளுக்கு மேலாக, அறைவாசலைப் பார்த்தன.

மவுசைத் தொட்டுப் பார்த்தாள். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். நிரல் சிக்கிக்கொண்டது போலிருக்கிறது. பழைய நிரல். திரும்பி அறைவாசலைப் பார்த்தாள். திரைச்சீலை அசையாமல் தொங்கியது. அதற்கு அப்பால் கூடம், பூட்டிய கதவு, வெயில்.

படம் திறந்தது. கோடு கோடாக, பையப் பைய, தகடு உருவாயிற்று. நான்கு துளைகள். வளைவு. பக்கத்தோற்றம். கனம் எழுதுகிற இடத்தில் எண் விழுந்தது.

பதினெட்டு.

கீழே திருத்திய தேதி. விபத்துக்கு ஆறு நாள் முந்தியது.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சுந்தர் அண்ணாச்சிக்குப் போன் போட்டாள்.

“அண்ணாச்சி, எட்டு இல்ல. பதினெட்டு. அவரு முன்னாலேயே மாத்தியிருக்காரு.”

“அப்போ செவத்துல தொங்குன பழைய தாள வச்சி வெட்டிட்டானுவ” என்றார் அவர். “நான்தாம்மா அதக் கிழிச்சுப் போட்டிருக்கணும். ஹபீப் மேல ஒரு குத்தமும் இல்ல.”

“இத எப்படிக் காட்டுதது?”

“பிளாப்பியில எடுத்திரு. அப்புறம், ஒண்ணு கேட்டுக்கோ. அந்த டிஸ்க்கு சத்தம் போடுதா?”

“ஆமா. கரகரன்னு.”

“அப்போ நடுவுல மட்டும் அணைச்சிராதம்மா. அணைச்சா மறுபடி எந்திரிக்காது. அந்தப் படம் வேற எங்கனயும் இல்ல.”

போனை வைத்தாள். பிளாப்பியைச் செருகி, படத்தை நாற்பது துண்டாக ஏற்றச் சொன்னாள். ஒவ்வொரு துண்டு ஏறியதும் ஒரு புள்ளி விழும். முதல் புள்ளி விழ அரை நிமிஷம் ஆயிற்று.

மூலையில் கண்கள் இப்போது அறைவாசலைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்தன. நிலையாக அல்ல. கட்டிலின் கால்மாட்டிலிருந்து தலைமாட்டுக்கு, மெதுவாக, நடந்துவருகிற ஒருவரைப் பின்தொடர்வது போல.

சபீதா திரும்பினாள். கட்டில் இருந்தது. அதன்மேல் மடித்த போர்வை. பீரோ. வேறு ஒன்றுமில்லை. மனசுக்குள் ஓதத் தொடங்கினாள். பாதியில் வார்த்தை விட்டுப்போயிற்று. மறுபடி முதலிலிருந்து ஓதினாள்.

ஐந்து புள்ளி.

தகட்டின் படம் தானாக மறைந்து, வெறும் தாள் விரிந்தது. பதறிப்போய்ப் பக்கத்து ஜன்னலைப் பார்த்தாள். புள்ளிகள் விழுந்துகொண்டுதான் இருந்தன. கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பெருக்கல் குறி நகர்ந்தது. மவுசு மேசையில் மல்லாக்கக் கிடக்க, அது தன்பாட்டுக்கு நகர்ந்து ஒரு கோடு போட்டது. இன்னொரு கோடு. நான்கு சுவர். மேலேயிருந்து பார்க்கிற மாதிரி ஓர் அறை. கதவு திறக்கிற இடத்தில் கால் வட்டம். நீளமாக ஒரு செவ்வகம், கட்டில். சின்னதாக ஒன்று, பீரோ. சுவரை ஒட்டி மேசை. மேசைக்கு முன்னால் ஒரு சிறு வட்டம்.

அது அவள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு வட்டம்.

“நீங்களா?” என்று கேட்டாள். குரல் வெளியே வந்ததா என்று தெரியவில்லை.

சுட்டி நின்றது. யோசிப்பது போல நின்றது. ஹபீப் எந்தப் படத்தையும் இடது கீழ் மூலையிலிருந்துதான் தொடங்குவார். இந்த அறையின் முதல் கோடு வலது மேலே விழுந்தது. இப்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. இரண்டு வட்டத்துக்கும் நடுவே ஓர் அளவுக்கோடு விழுந்தது. இரண்டு பக்கமும் அம்புக்குறி. நடுவில் எண். ஆயிரத்து அறுநூறு மில்லிமீட்டர்.

பதினொரு புள்ளி.

சுவிட்சு கையெட்டும் தூரத்தில் இருந்தது. தட்டினால் எல்லாம் நின்றுவிடும். கண்கள் நின்றுவிடும். அந்தக் கோடு நின்றுவிடும். பதினெட்டும் போய்விடும். சுடலைவடிவு வாசலில் வந்து நிற்பாள். எட்டுதான் போட்டாராமே என்று ஊர் காலத்துக்கும் சொல்லும். அவர் மண்ணுக்குள் கிடந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆயிரத்து முந்நூறு. பதினெட்டுப் புள்ளி.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லாததைப் பார்ப்பதற்குத்தான் இப்போது பயமாக இருந்தது. எண்ணெய் வாசனை கனத்தது. அதற்கு அடியில் வேறொரு வாசனை. ஈர மண்.

தொள்ளாயிரம். இருபத்து நாலு.

டிஸ்க் இழுத்தது. புள்ளி விழவில்லை. விழவில்லை. விழுந்தது.

அறுநூறு.

கண்கள் அவள் தலைக்குச் சற்று மேலே பார்த்தன. கெஞ்சுகிற பார்வை போலிருந்தது. வட்டமும் கறுப்புமான இரண்டு குறிகள், அவ்வளவுதான், ஆனாலும் கெஞ்சுவது போலத்தான் இருந்தது.

முந்நூறு. முப்பத்து மூணு.

பிடரியில் முடி எழுந்தது. குளிர்.

நூறு.

முப்பத்து எட்டு.

ஒதுங்க வேண்டும். உடம்பு கேட்கவில்லை.

பன்னிரண்டு.

முப்பத்து ஒன்பது.

மூன்று.

நாற்பதாவது புள்ளி விழுந்தது. பிளாப்பியின் பச்சை விளக்கு அணைந்தது.

தாளில் அளவுக்கோடு இல்லை. எண்ணும் இல்லை. ஒரே ஒரு வட்டம்தான் இருந்தது, மேசைக்கு முன்னால்.

அவள் அசையவில்லை. வட்டம் அசைந்தது. மேசையை விட்டு விலகி, கட்டிலைத் தாண்டி, கால்வட்டக் கதவைக் கடந்து தாளுக்கு வெளியே போயிற்று.

வெளியே அய்மனின் குரல். “ராத்தா. எவ்வளவு நேரமா கூப்பிடுதேன், கதவத் தொற.”

தாழ்ப்பாள் விலகியது.

“கண்ணு அசந்துட்டேன்லே” என்றது ஒரு குரல். அவளுடைய குரல்.

திரைச்சீலை ஒதுங்கியது. சபீதா அதைப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டிய அறைவாசல், கட்டில், பீரோ எல்லாம் அவளுக்கு எதிரே இருந்தன, நுண்ணிய சாம்பல் பின்னலுக்கு அந்தப் பக்கம். எதிரே நாற்காலி காலியாக இருந்தது. அய்மன் இரும்புத் தட்டோடு வந்தான். அவனுக்குப் பின்னால் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண் வந்தாள். முகம் அவள் முகம்தான். நடை மட்டும் புதிதாகப் பழகுகிற மாதிரி, ஒவ்வொரு அடியாக விழுந்தது.

“தட்டு வேண்டாம். வேல முடிஞ்சிருச்சு.” அந்தப் பெண் குனிந்து பிளாப்பியை உருவி அவன் கையில் கொடுத்தாள். “பதினெட்டுதான் போட்டிருக்காரு. சுடலைவடிவுகிட்ட போயி சொல்லிரு.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றான் அய்மன். அவன் கண் கலங்கியிருந்தது. “மச்சான் மேல தப்பு இல்லைல்லா. அது போதும். பொட்டிய அணைச்சிரவா?”

“அணைச்சிரு. இனிமே எந்திரிக்காது.”

சபீதா கத்தினாள். கத்துவதற்கு வாய் இல்லை. அடிப்பதற்குக் கை இல்லை.

அய்மன் சுவிட்சை நோக்கிக் குனிந்தவன், திரையைப் பார்த்துச் சற்றே நின்றான்.

“பாரு ராத்தா, இந்த மேஸ்திரிய. என்னையவே பாக்காரு.”

சிரித்துக்கொண்டே விரலை நீட்டினான். மூலையிலிருந்த இரண்டு கண்களும் அவன் முகத்திலிருந்து விலகி, அந்த விரலைத் தொடர்ந்து, சுவிட்சு வரைக்கும் போயின.