பூட்டிய பிரசவ வார்டு

மாடியில் யாரோ கட்டிலை உருட்டினார்கள்.

கீழே அவசரப் பிரிவில் படுத்திருந்த ரோடா, பிரசவ வலியையும் மறந்து கூரையைப் பார்த்தாள். எண்ணெய் காணாத சக்கரம் கிறீச்சிட, எதையோ சுமந்த கட்டில் மெல்ல நகர்ந்து அவள் தலைக்கு நேர் மேலே வந்து நின்றது. அங்கே இருந்தது பிரசவ வார்டு. அமெரிக்காவின் கென்டக்கி மலைகளின் இருபுறத்து ஆஸ்பத்திரிகளையும் ஒரே கம்பெனி வாங்கிய பிறகு, லாபமில்லை என்று அதைப் பூட்டிவிட்டார்கள். பிள்ளை பெற மலையைத் தாண்டி நகரத்துக்குத்தான் போகவேண்டும். பனிக்காலத்தில் எல்லா வண்டியும் போய்ச் சேர்வதில்லை.

"மேல யாரு?"

"யாருமில்லம்மா. குழாய். குளிருக்கு அப்படித்தான் கத்தும்," என்றாள் நர்ஸ் நாடீன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெளியே பனிப்பொழிவு சற்று ஓய்ந்தபோது ஹெலிகாப்டர் இரைச்சல் கேட்டது. "வந்துட்டாங்க ரோடா!" என்று அவள் கணவன் கார்லண்ட் துள்ளி எழுந்தான்.

வந்தது பக்கத்து அறைச் சுரங்க முதலாளிக்கு.

"அவருக்குக் காலுதான் ஒடஞ்சிருக்கு! இவளுக்கு ரத்தம் போகுது, நாடீன்!"

"எனக்குத் தெரியாதா? அவரு இன்சூரன்ஸ் அப்படி. நகரத்துல கேட்டதும் படுக்கை குடுத்துட்டான். உங்களுக்கு ஆம்புலன்ஸ்தான், அது மலைக்கு அந்தப் பக்கம் நிக்குது. கத்தணும்னா அதோ அந்த டாக்டர்கிட்ட கத்து."

சுவர்த் திரையில், நகரத்து டாக்டர் வாய் திறந்தபடியே உறைந்திருந்தார். வீடியோ இணைப்பு போய் வெகுநேரமாகியிருந்தது.

"நானே கூட்டிட்டுப் போறேன்," என்று கார்லண்ட் வண்டியெடுக்க ஓடினான். வாசற்கதவு அவன் பின்னால் மூடிக்கொண்டது. வேறொரு அறையிலிருந்து யாரோ அலற, நாடீனும் ஓடினாள். அன்றைக்கு வேலையில் இருந்தது அவள் ஒருத்திதான்.

ரோடாவின் கையில் ஊசி. வயிற்றில் குழந்தையின் துடிப்பைப் பார்க்கும் கருவியின் பட்டை. எழ முடியவில்லை.

கார்லண்ட் வெளியிலிருந்து கண்ணாடிக் கதவைத் தட்டினான். அது திறக்கவில்லை.

லிஃப்ட் திறந்தது.

நனைந்த கம்பளியும் பெட்ரோலும் கலந்த வாடை. ஈரக் காலடிகள். கட்டிலின் தலைமாட்டில் யாரோ நின்றார்கள்.

"நாடீன்?"

"மேல எடம் இருக்கும்மா," என்றது ஒரு பெண்குரல், கனிவாக.

கட்டில் நகர்ந்தது. ரோடா லிஃப்டின் கதவு நிலையைப் பற்றினாள். விரல்கள் வழுக்கின. கார்லண்டின் கைகள் கண்ணாடியை அறைந்துகொண்டே இருந்தன. அப்புறம் அவை தெரியவில்லை.

மேலே விளக்கில்லை. குளிர். சன்னல் வழியே அந்தி வெளிச்சம். வரிசையாகக் கட்டில்கள். எதுவும் காலியில்லை. நடுவில் மட்டும் ஓர் இடைவெளி. அவள் கட்டில் அதில் கச்சிதமாகப் பொருந்தியது. சக்கரங்கள் பூட்டிக்கொண்டன.

எல்லோரும் பெண்கள். நிறைமாதம். கோட்டும் காலணியுமாகப் படுத்திருந்தார்கள். முடியில் பனி. ஒவ்வொரு வயிற்றின் மேலும் கார் இருக்கையின் பெல்ட், அறுத்தெடுத்த நுனியோடு.

பக்கத்துக் கட்டில்காரி மெல்ல முகத்தைத் திருப்பினாள். அவள் கண்ணில் கண்ணாடித் துகள்கள் மின்னின.

"ஏம்மா," என்று கேட்டாள், "மலையைத் தாண்டிட்டோமா?"

எல்லாத் தலைகளும் ரோடாவின் பக்கம் திரும்பின.