கம்பிக்குள் ஓடும் தையல்

"அப்போ நான் சொன்னது உன் காதுலயே விழலையா?"

"விழுந்துச்சுண்ணா. விழுந்த வேகத்துல அந்தப் பக்கமா வெளியேயும் போயிடுச்சு."

"விளையாடாத. யார் வேணும்னாலும் போய் அந்த வீட்டு லைட்டைச் சரி பண்ணட்டும். நம்ம வீட்டுல இருந்து இன்னொரு ஆள் அங்க போக வேண்டாம். வண்டியத் திருப்பு."

"வாசல்ல நின்னுக்கிட்டுத்தான் பேசறேன்."

போனில் அண்ணனுடைய மூச்சு கேட்டது. பின்னால் மின்விசிறிச் சத்தம்கூட இல்லை. இப்போதெல்லாம் அவர் வீட்டில் எந்த ஸ்விட்சையும் தொடுவதில்லை. பொழுது சாய்ந்தால் சாய்ந்தபடியே உட்கார்ந்திருப்பார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த ஃபில்டரை நீ போட்டியா இல்லையா?"

"போட்டேன். போட்டேன்னுதான் நினைக்கறேன், வாயாடி."

அந்த 'நினைக்கறேன்'னுக்காகத்தான் நான் வந்திருந்தேன்.

அண்ணனும் நானும் எலக்ட்ரீஷியன்கள். இந்த வீட்டுக்குத் தானியங்கி விளக்குகள் போட்டவர் அவர். அறைக்குள் ஆள் நுழைந்தால் எரியும், வெளியேறினால் அணையும், போனிலிருந்தும் இயக்கலாம். சுவரை உடைக்காமல் இருப்பதற்காக, பழைய மின்கம்பிகள் வழியாகவே ஸ்விட்சுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வகையைப் போட்டிருந்தார். வீட்டுக்காரரின் மனைவி கீழ்த்தளத்தில் மோட்டார் வைத்த தையல் மெஷினில் துணி தைப்பவர். அந்த மோட்டாருக்குள் தெறிக்கும் தீப்பொறிகளின் இரைச்சல் கம்பிக்குள் ஓடி, ஸ்விட்சுகளைக் குழப்பியது. அதனால் மெஷினின் பிளக்கில் உள்ளங்கையளவு ஃபில்டர் பெட்டி ஒன்றை அண்ணன் மாட்டினார். அதன் பிறகு விளக்குகள் ஒழுங்காக எரிந்தன.

ஒரு நாள் அந்த அம்மாள் கீழ்த்தளத்துக்கு இறங்கும்போது படிக்கட்டு விளக்கு அணைந்தது. விழுந்தவர் எழவில்லை.

தையல் மெஷின் இரைச்சலால்தான் விளக்கு அணைந்தது என்று விசாரணையில் வீட்டுக்காரர் சொன்னார். வந்து பார்த்தார்கள். பிளக்கில் ஃபில்டர் இல்லை. அண்ணனை யாரும் சிறையில் போடவில்லை. வேலைக்கு மட்டும் கூப்பிடாமல் விட்டார்கள். நாளடைவில் அவருக்கே தன் கைகளின் மேல் நம்பிக்கை போய்விட்டது.

இப்போது அந்த வீட்டில் விளக்குகள் உண்மையாகவே கெட்டுப்போயிருந்தன. விளக்குக் கடையில் யாரோ என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். நான் யாருடைய தங்கை என்பது வீட்டுக்காரருக்குத் தெரியாது.

அழைப்பு மணியை அழுத்துவதற்கு முன்பே கதவு திறந்தது.

பட்டப்பகலில் கழுத்தில் ஒரு டார்ச்சும் கையில் ஒரு டார்ச்சுமாக அவர் நின்றார். தூக்கத்தை மறந்த கண்கள். நல்ல வெள்ளைச் சட்டை. ஆனால் அதன் பாக்கெட்டின் வாய் முழுவதும், பொடிப்பொடியான அழகான தையல்களால் மூடப்பட்டிருந்தது.

"என்ன சார், பாக்கெட்டையே தைச்சு மூடிட்டீங்க? பிக்பாக்கெட் பயமா?"

அவர் சிரிக்கவில்லை.

"நான் தைக்கல," என்றார்.

உள்ளே எல்லாத் திரைச்சீலைகளும் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆனாலும் வெளியே மழை மேகம் அடைத்துக்கொண்டிருந்ததால், கூடத்துக்குள் வந்த வெளிச்சம் பாத்திரம் கழுவிய தண்ணீர்போலக் கலங்கியிருந்தது. நான் நடு விளக்கின் கீழ் போய் நின்றேன். எரிந்தது. "இப்போ பாருங்க," என்று அவர் என் பக்கத்தில் வந்தார். அணைந்தது. அவர் பின்வாங்கினார். எரிந்தது.

"சமையலறை, குளியலறை, எங்க போனாலும் இதே கதைதான். என்னை மட்டும் பார்த்து அணையுது. ஸ்விட்சு எல்லாத்தையும் மாத்தியாச்சு. வந்தவங்கள்லாம் தலையைச் சொறிஞ்சுட்டுப் போயிட்டாங்க."

"ஸ்விட்சுல கோளாறு இருக்காது சார். கம்பிக்குள்ள ஏதோ இரைச்சல் ஓடுது. முதல்ல அது எங்கேர்ந்து வருதுன்னு பார்க்கணும்."

பையிலிருந்து பழைய பேட்டரி ரேடியோவை எடுத்தேன். இதற்கென்று விலையுயர்ந்த கருவிகள் இருக்கின்றன. அண்ணன் எனக்குப் பழக்கியது இதைத்தான். எந்த நிலையமும் வராத இடத்தில் முள்ளை வைத்துவிட்டு, சுவரோரமாக நடந்தால் போதும். கெட்டுப்போன டியூப்லைட் சோக் ரீங்காரமிடும். மிக்ஸி அலறும். தண்ணீர் மோட்டார் கிழவரைப்போல இருமும். சத்தம் எங்கே கூடுகிறதோ அங்கே போக வேண்டும், அவ்வளவுதான்.

ரேடியோவைக் கூடத்து ஸ்விட்சருகே கொண்டுபோனேன்.

டர்ர்ர்ர்ர்ர்ர்.

நின்றது.

டர்ர்ர்.

மறுபடியும் நின்றது. பிறகு நீளமாக, நிதானமாக ஒன்று.

வீட்டுச் சாமான்களின் இரைச்சலெல்லாம் எனக்கு அத்துப்படி. அவை ஓடும், அல்லது நிற்கும். நடுவில் யோசிக்காது. இது யோசித்தது. ஒரு நீளமான ஓரத்தை ஓட்டி முடித்து, துணியைத் திருப்பிப் பிடித்து, சின்ன ஓரத்தை ஓட்டுவதைப்போல.

நிமிர்ந்து பார்த்தேன். வீட்டுக்காரரின் உதடுகள் வெளுத்திருந்தன.

"சார், தையல் மெஷின் இன்னும் வீட்லதான் இருக்கா?"

"இல்ல. அவ போன கையோட தூக்கிக் குடுத்துட்டேன்." தையல் மெஷின் இருந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

"மெயின் போர்டு?"

அவர் கையிலிருந்த டார்ச்சால் ஒரு கதவைக் காட்டினார்.

"கீழ. நீங்க போங்க. நான் இங்கயே நிக்கறேன்."

நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு இறங்கினேன். மரப்பலகைப் படிகள். ஒவ்வொரு பலகைக்கும் நடுவே வெறும் இடைவெளி. ஏணியில் இறங்குவதுபோல இருந்தது. கீழே சன்னலே இல்லை. பாதி வழியிலேயே பகல் மேலே நின்றுவிட்டது, அதுவும் அந்த மனிதரைப்போலக் கூட வர மறுத்து.

வாசனை வந்தது. மெஷின் எண்ணெய். கஞ்சி போட்ட புதுத்துணி. ஈரத்துணிமேல் சூடான இஸ்திரிப்பெட்டி வைத்தால் எழும் ஆவி.

அறை காலியாகத்தான் இருந்தது. தரையெங்கும் தூசி. தையல் மேசையின் கால்கள் இருந்திருக்க வேண்டிய இடங்கள் மட்டும், யாரோ இப்போதுதான் நகர்த்தி வைத்ததுபோலப் பளபளத்தன.

போர்டைத் திறந்து ஒவ்வொரு இணைப்பாக அணைத்தேன். கூடம். சமையலறை. படுக்கையறை. எந்த இணைப்பை அணைக்கும்போது ரேடியோ ஓய்கிறதோ, அங்கேதான் கோளாறு.

ஓயவில்லை.

கடைசியில் மெயினையே இறக்கினேன். மேலே ஃபிரிட்ஜ் ஒருமுறை உடம்பை உதறிவிட்டு அடங்கியது. வீட்டில் எந்தக் கம்பியிலும் இனி மின்சாரம் கிடையாது.

டர்ர்ர்ர்ர்ர்ர்.

ரேடியோவைத் திருப்பி, மூடியைத் தள்ளி, பேட்டரிகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஒரு பேட்டரி கைதவறி உருண்டு இருட்டுக்குள் போனது.

டர்ர்ர்.

ஓடியிருக்க வேண்டும். படி பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அண்ணன் தன் வீட்டில் இருட்டில் உட்கார்ந்திருக்கும் விதம் நினைவுக்கு வந்தது. மடிமேல் கைகளை மலர்த்தி, அவை யாருடைய கைகளோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சத்தம் எங்கே கூடுகிறதோ அங்கே போனேன்.

படிக்கட்டின் அடியில் ஒரு அலமாரி. அதன் கதவை ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தார்கள். ஸ்க்ரூக்களைக் கழற்றக் கழற்ற ரேடியோவின் ஓட்டம் வேகமெடுத்தது. உள்ளே குனிந்து நுழைந்தேன். பெயின்ட் டப்பாக்கள், பழைய செருப்புகள். அவற்றுக்குப் பின்னால், ஒரு துண்டுத் துணியில் சுற்றி, உள்ளங்கையளவு பெட்டி.

ஃபில்டர்.

ரேடியோ ஓய்ந்தது. இணைப்பில் பச்சை டேப் சுற்றியிருந்தது. டேப்பின் நுனி சின்னதாக மடித்து ஒட்டப்பட்டிருந்தது. "அடுத்து வந்து பிரிக்கறவனுக்கு நகம் உடையக் கூடாதும்மா" என்று அண்ணன் சொல்வார். அப்படி மடிக்கிறவர் வேறு யாரையும் நான் பார்த்ததில்லை. இரண்டு பக்கத்து ஒயர்களும் கட்டரால் கச்சிதமாக வெட்டப்பட்டிருந்தன.

அண்ணா, நீ போட்டிருக்க. நீ போட்டுத்தான் இருக்க.

"ஏங்க, என்ன சத்தத்தையே காணோம்?" மேலேயிருந்து வீட்டுக்காரரின் குரல். "கண்டுபிடிச்சீங்களா?"

பேசாமல் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது.

"ஒரு சந்தேகம் சார். மெஷின் ஓடினாத்தானே இரைச்சல் வரும்? அன்னைக்கு அக்கா படியில இறங்கிட்டிருந்தாங்க. அப்போ கீழ மெஷினை ஓட்டினது யாரு?"

அன்று யாரும் அதைக் கேட்கவில்லை. ஃபில்டர் இல்லை என்றதும் எல்லோரும் அண்ணன் பக்கம் திரும்பிவிட்டார்கள். அண்ணனோ அழுதுகொண்டிருந்தார்.

மேலே செருப்புச் சத்தம் கதவருகே வந்து நின்றது.

"நீ யாரு?"

"ஃபில்டர் போட்டவரோட தங்கச்சி."

முதல் பலகை முனகியது. அவர் இறங்கினார்.

"கையில என்ன வெச்சிருக்க? குடு இங்க. குடுன்னு சொல்றேன்ல?"

இரண்டாவது பலகை. அடுத்தது. அவருடைய டார்ச் வெளிச்சம் பலகைகளுக்கு நடுவே கோடுகோடாக என்மேல் விழுந்தது.

மேலே கதவு சாத்திக்கொண்டது.

அடித்துச் சாத்தவில்லை. தூங்கும் குழந்தை இருக்கும் அறைக் கதவைச் சாத்துவதுபோல, மெதுவாக.

அவருடைய டார்ச் அணைந்தது. கழுத்தில் தொங்கியதை அமுக்கும் ஒலி. மறுபடியும் அமுக்கும் ஒலி. அதுவும் எரியவில்லை.

என் நெற்றி விளக்கு மட்டும் எரிந்தது. அலமாரிக்குள் ஒண்டியிருந்த என் கண்களுக்கு நேராக, இரண்டு பலகைகளுக்கு நடுவே, அவருடைய கால்கள் தெரிந்தன. செருப்பு. பேன்ட்டின் விளிம்பு.

என் காலடியில் இருந்த ரேடியோ மறுபடியும் ஓடத் தொடங்கியது.

டர்ர்ர்ர்ர்ர்ர்.

ஒரு பேன்ட் காலின் விளிம்பிலிருந்து வெள்ளை நூல் ஒன்று தலைநீட்டியது. அடுத்த காலுக்குள் நுழைந்தது. திரும்பியது. மறுபடியும் நுழைந்தது. ஊசி இல்லை. கை இல்லை. கணுக்காலிலிருந்து முழங்கால்வரை, நெருக்கமாக, பொடிப்பொடியாக, அழகாக.

நின்றது. துணி திருப்பப்படும் நேரம். பிறகு மேலிருந்து கீழே இன்னொரு வரிசை. பிரியாமல் இருக்கப் போடும் கெட்டித் தையல்.

"என் காலு..." அவர் கைப்பிடியைத் தட்டித் தேடுவது கேட்டது. "காலு வரமாட்டேங்குது. ஏய், காலை விடு!"

"நான் தொடல சார்," என்றேன்.

பிறகு அவர் பேசியது என்னிடம் அல்ல.

"சும்மா விளையாட்டுக்குத்தானடி அணைச்சேன்... எப்பவும் பண்றதுதானே? நீ படியில நிப்ப, நான் போன்ல அணைப்பேன். லைட்டைப் போடுங்கன்னு நீ கெஞ்சுவ. நான் சிரிச்சுட்டுப் போட்டுருவேன். அன்னைக்கு நீ கெஞ்சவே இல்லையே. ஒரு வார்த்தை கேட்டிருந்தா போட்டிருப்பேனே. ஏன் கேக்காம இறங்கின?"

பதில் வந்தது. ஒரே ஒரு தையல் அளவுக்கு.

டர்.

நான் எப்படியோ அலமாரியை விட்டு வெளியே ஊர்ந்து வந்தேன். போர்டு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தடவிப் பார்த்து, மெயின் ஸ்விட்சின் கீழே விரல்களை வைத்தேன். மேலே தள்ளினால் போதும். இன்னொரு கையில் ஃபில்டர் பெட்டி இருந்தது. அதன் பச்சை டேப்பின் மடித்த நுனியைக் கட்டைவிரல் தன்னால் வருடிக்கொண்டிருந்தது. நெற்றி விளக்கை எப்போது அணைத்தேன் என்று தெரியவில்லை. அணைத்தது நான்தானா என்றும் தெரியவில்லை.

தலைக்கு மேலே பலகை கிறீச்சிட்டது. ஒட்டித் தைத்த கால்களோடு ஒருவர் நடுப்படியில் தள்ளாடும் சத்தம்.

ரேடியோ அடங்கியிருந்தது. ஓய்ந்துபோன அமைதி அல்ல அது. துணியை நேர்படுத்தி வைத்து, பெடலுக்கு மேலே பாதத்தைத் தூக்கிப் பிடித்திருக்கும் அமைதி. எனக்கு வெகு பக்கத்தில், கழுத்தருகே, இஸ்திரி போட்ட துணியின் சூடு இருந்தது.

அதுவும் காத்திருந்தது. நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்க்க.

"லைட்டைப் போடும்மா," என்றார் அவர், குழந்தைபோல. "உங்க அண்ணன்கிட்ட நானே வந்து சொல்றேன். எல்லார்கிட்டயும் சொல்றேன். லைட்டை மட்டும்..."

பலகை மறுபடியும் கிறீச்சிட்டது.

"லைட்டைப் போடுங்க," என்று அவர் கெஞ்சினார்.